ரூம்மேட்டுக்கு ஹெபடைட்டிஸ் பி என்று போன் வந்தால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர், எல்லாரும் மூன்றாம் ஆண்டு. போன மாதம் நடந்த ரத்த தான முகாமில் ஆறு பேரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தீர்கள். மூன்று வாரம் கழித்து ஒருவனுக்கு மட்டும் போன் வந்தது: கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைட்டிஸ் பி இருக்கிற மாதிரி தெரிகிறது, நேரில் வாருங்கள் என்று. அறையில் இருப்பது ஒரே டிரிம்மர், ஆறு பேருக்கும் அதுதான். போன சித்திரைத் திருவிழாவில் அவனும் சேர்த்து நான்கு பேர் ஒரே கடையில் டாட்டூ போட்டிருக்கிறீர்கள். இப்போது இரண்டு பேர் வார்டனிடம் சொல்லி அவனை அறையை விட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவன் இரண்டு நாளாக மெஸ்ஸுக்கு வராமல் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறான். "எங்களுக்கும் வந்திருக்குமா, வீட்டுக்குத் தெரிஞ்சிருமா, அவனை என்ன செய்யறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "வேற சில விஷயமும் இருக்கு, எழுத முடியல" என்றும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

நான் மதுரையில் ரத்த வங்கியில் ஆறு ஆண்டும், அப்புறம் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பத்து ஆண்டும் ஆலோசகராக இருந்தவள். உங்கள் வயதுப் பிள்ளைகள் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. நீங்கள் ஐந்து பேரும் இந்த வாரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். முகாமில் எடுத்த ரத்தத்தில் உங்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். இந்த வைரஸ் உள்ளே போன பிறகு பரிசோதனையில் தென்பட ஒரு வாரத்திலிருந்து ஒன்பது வாரம் வரை ஆகலாம், சராசரியாக நான்கு வாரம். டாட்டூ போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது, அது சம்பந்தமான விடை இப்போதே தெரிந்துவிடும். ஆனால் டிரிம்மரைப் போன வாரம் வரை பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதனால் ரத்தம் எடுத்த அன்றைக்கே தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ரத்தம், பிறகு ஊசி, அந்த வரிசை முக்கியம். தடுப்பூசி போட்ட கையோடு ரத்தம் எடுத்தால் ஊசியில் உள்ள புரதமே சில நாள் பரிசோதனையில் தெரிந்து வீணாகக் குழப்பும். இரண்டாம் தவணை ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். அந்த ஆறாம் மாதத்தில் ஊசி போடப் போகும்போதே இன்னொரு முறை ரத்தத்தையும் பார்த்துவிடலாம்.

"சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு அம்மா சொல்றாங்க" என்பீர்கள். அம்மா சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் ஹெபடைட்டிஸ் பி ஊசி நம் நாட்டில் ஒரே நாளில் எல்லாருக்கும் வந்துவிடவில்லை. 2002ல் சில நகரங்களில் சோதனையாகத் தொடங்கி, 2007-08ல் தமிழ்நாடு உட்பட 10 மாநிலங்களுக்கு வந்து, 2011ல்தான் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. இன்றைக்கு இருபது, இருபத்தொரு வயதில் இருக்கும் நீங்கள் சரியாக அந்த இடைவெளியில் பிறந்தவர்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்திருந்தால் போட்டிருக்கலாம், பள்ளியில் முகாம் வைத்துப் போட்டிருக்கலாம், முதல் ஊசியோடு நின்றும் போயிருக்கலாம். வீட்டில் தடுப்பூசி அட்டை இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டை கிடைக்கவில்லை என்றால் போடாததாகவே வைத்துக்கொண்டு மூன்று தவணையும் போடுங்கள். முன்பே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு கல்லூரிக்குள் நான் போய்ப் பேச வாய்ப்புக் கிடைத்தால் முதலில் சொல்வது இதைத்தான். எச்.ஐ.வி.க்கு இன்னும் தடுப்பூசி கிடையாது, ஹெபடைட்டிஸ் சி-க்கும் கிடையாது. இதற்கு இருக்கிறது, பல ஆண்டுகளாக இருக்கிறது, விலையும் அதிகமில்லை. இருந்தும் விடுதி விடுதியாகப் பிள்ளைகள் போடாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, டிரிம்மர். இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில், உடம்புக்கு வெளியே, குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவு ரத்தம்கூடத் தேவையில்லை, ஏனென்றால் தொற்று உள்ளவரின் ஒரு மில்லி ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கலாம். முகத்தில் பரு உடைந்த இடத்தில் ஒருவன் டிரிம்மர் ஓட்டி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகிறான். மறுநாள் காலையில் அடுத்தவன் தாடையில் அதே பல் லேசாகக் கீறுகிறது. அவ்வளவு போதும். ஷேவிங் ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி எல்லாம் இதே கதைதான். சலூனில் பாதி பிளேடு போடுவார்களே, உங்கள் கண் முன்னால் காகிதத்தைப் பிரித்து ஒடித்துப் போட்டால் சரி. ஏற்கெனவே கத்தியில் மாட்டியிருந்தால் "மாத்துங்கண்ணே" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், என் அனுபவத்தில் ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

டாட்டூ பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, வைகைக் கரையோரம் ஒரு டாட்டூ கடை முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கடை என்றால் ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், பேட்டரியில் ஓடும் ஒரு மெஷின், மேலே ஒரு எல்.இ.டி. பல்பு. வரிசையில் ஏழெட்டுப் பையன்கள், எல்லாரும் ஒரே கலரில் சட்டை. மை ஊற்றியிருந்தது தண்ணீர் பாட்டில் மூடியில். முதல் பையனின் முன்னங்கையில் வேல் வரைந்தார். ஊசி தோலைக் கொத்தக் கொத்த ரத்தம் பனி மாதிரி அரும்பியது. அதை ஒரு பழைய பனியன் துணியால் துடைத்தார், ஊசியை மூடியில் இருந்த மையில் முக்கினார், மறுபடி கொத்தினார். அதே மூடி, அதே துணி, அடுத்த கை. நான்காவதாக உட்கார்ந்த பையன் கொஞ்சம் விவரமானவன். "ஊசி புதுசாண்ணே?" என்று கேட்டான். "புதுசுதாம்ப்பா, இப்பத்தான டெட்டால்ல கழுவுனேன்" என்றார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த சுத்தம் அது. டெட்டாலில் முக்கி எடுத்தால் போகிற கிருமி இல்லை இது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காதது அந்த மூடிதான். ஊசியையே ஆளுக்கு ஒன்று மாற்றினாலும், முதல் பையனின் ரத்தம் பட்ட ஊசி மையைத் தொட்டுவிட்டது, மீதி எல்லாருக்கும் அந்த மைதான் போகிறது. ஆகவே டாட்டூ போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், உறை பிரிக்காத ஊசியும், ஆளுக்குத் தனியாக ஊற்றிக் கடைசியில் கொட்டிவிடுகிற மையும், மாற்றுகிற கையுறையும் இருக்கிற இடமாகப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் அது நடக்காது. நம் பாட்டிமார் பச்சை குத்திக்கொண்ட காலத்திலும் இதே ஆபத்து இருந்தது, பெயர் தெரியாமல் இருந்தது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரத்த தான முகாமில் ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். அதில் கடந்த 12 மாதத்தில் டாட்டூ போட்டீர்களா, காது மூக்கு குத்தினீர்களா என்ற கேள்வி இருக்கும். இருந்தால் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் நான்கு பேரும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுத்தான் ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறீர்கள். கூடப் படிக்கிறவர்கள் பார்க்கும்போது வரிசையிலிருந்து விலகக் கூச்சமாக இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனை செய்தாலும், தொற்றின் ஆரம்ப நாட்களில் எடுத்த ரத்தம் அந்தச் சல்லடையில் தப்பிவிடக்கூடும். அந்தப் படிவம் அதற்காகத்தான். அடுத்த முறை கூச்சமாக இருந்தால், முகாமில் இருக்கும் டாக்டரிடம் "எனக்கு எடுக்க வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னால் போதும், காரணம் கேட்காமல் விட்டுவிடுவார்கள். வெளியே வந்து "பிரஷர் லோன்னு சொல்லிட்டாங்க" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அறை விஷயம். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே தம்ளர், ஒரே கழிப்பறை, ஒரே போர்வை, கட்டிப் பிடிப்பது, இருமுவது, கொசுக்கடி, எதிலும் வராது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று மூன்றே வழி. ஆகவே அவனை அறையை விட்டு மாற்ற மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? விடுதியில் ஏன் என்று கேட்பார்கள், ஒரு வாரத்தில் கல்லூரி முழுக்கத் தெரியும், அடுத்த முகாமில் சந்தேகம் இருக்கும் பிள்ளை எவனும் பரிசோதனை பக்கமே வர மாட்டான். அறையில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பொது டிரிம்மரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு ரேசர் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு ரத்தக் காயம் பட்டாலும் துணி கட்டி மூடுங்கள். தரையில் ரத்தம் சிந்தினால் வெறும் கையால் துடைக்காமல் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதெல்லாம் ஆறு பேர் இருக்கும் அறையில் செய்ய வேண்டியதே.

அவன் டாட்டூவில் வாங்கினான் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள், எழுத்திலேயே தெரிகிறது. அப்படி முடிவு கட்ட வேண்டாம். எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், மகன் பாலிடெக்னிக் முடித்து வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் பி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா அவனை எங்கள் அறைக்குள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "எவ கூட போனான்னு கேளுங்கம்மா" என்றார். பையன் தலையைத் தூக்கவே இல்லை. நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார்கள். அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. பிறந்த நேரத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும், இருபது முப்பது ஆண்டு ஒரு அறிகுறியும் காட்டாமல். அந்த அப்பா ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு பையனுக்கு டீ வாங்கிவர எழுந்து போனார்.

வைரஸுக்கு ஒழுக்கம் தெரியாது தம்பி. ரத்தம் ரத்தத்தைத் தொட்டதா என்பது மட்டும்தான் அதன் கணக்கு. இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடு இருக்கிறார்கள் என்பது 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. உங்கள் ரூம்மேட்டுக்குத் தெரிந்துவிட்டது, அந்த வகையில் அவன் முன்னால் நிற்கிறான்.

அவன் அடுத்து செய்ய வேண்டியது இது. முகாமில் செய்தது சலித்துப் பார்க்கும் பரிசோதனை, அதை இன்னொரு முறை உறுதிப்படுத்த வேண்டும். இருப்பது உறுதியானால், புதிதாக வந்ததா பழையதா என்று பார்ப்பார்கள். பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் நூற்றில் 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். ஆறு மாதம் தாண்டியும் இருந்தால் நாள்பட்டது என்று பெயர். அப்போதும் எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் பரிசோதனை, வைரஸின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை. 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குடிப்பவனாக இருந்தால் அதை விட வேண்டும், இதில் கொஞ்சம் என்ற பேச்சே கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு, முக்கியமாக வளைகுடா நாடுகளுக்கு, இது இன்னும் தடையாகத்தான் இருக்கிறது; உள்ளூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ, கல்யாணம் செய்யவோ தடை இல்லை. வரப்போகும் மனைவிக்கு முன்பே தடுப்பூசி போட்டால் அவளுக்குத் தொற்றாது.

வீட்டில் சொன்னால் முதலில் வருவது கீழாநெல்லி. அதைப் பற்றி நான் அலட்சியமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழு செய்த ஆய்வு 1988ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. ஹெபடைட்டிஸ் பி-யைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கே அதில் ஒரு ஆசிரியர். நம் வேலியோரச் செடிக்கு உலகமே திரும்பிப் பார்த்த நேரம் அது. ஆனால் அதன் பிறகு பல இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அப்புறம் ஏன் ஊரில் எல்லாரும் "குடிச்சேன், போச்சு" என்கிறார்கள்? மேலே சொன்ன அந்த 95 பேரை நினைத்துப் பாருங்கள். தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலையும் பெரும்பாலும் தானாகவே சரியாகும். செடி குடித்தவருக்கும் போகும், குடிக்காதவருக்கும் போகும். போகாமல் தங்கிவிட்ட அந்த ஐந்து பேர்தான் என் கவலை. கண் மஞ்சள் தெளிந்துவிட்டது என்று பரிசோதனைக்கு வராமல் இருந்து, நாற்பது வயதில் வயிறு வீங்கி வருகிறவர்கள் அவர்கள்.

இனி நீங்கள் எழுத முடியாமல் விட்ட அந்த வரி. உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த கல்லூரிப் பிள்ளைகள் சொன்னவற்றை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, உடலுறவு. கொடைக்கானல் டூரில், குடித்த ராத்திரியில், ஆணுறை இல்லாமல் நடந்தது என்று வருகிறவர்கள் உண்டு. நடந்தது பெண்ணோடா, ஆணோடா, போனில் ஆப் வழியாகப் பழகியவரோடா என்று ஆலோசகர் கேட்பது எந்தப் பரிசோதனை தேவை என்று தெரிந்துகொள்ள மட்டுமே. எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் 72 மணி நேரம் என்ற எண்ணை மனதில் வையுங்கள். அதற்குள் அரசு மருத்துவமனைக்கு வந்தால், டாக்டர் தேவை என்று முடிவு செய்தால் 28 நாள் மாத்திரை தந்து தொற்றைத் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாலு நாள் யோசித்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். ஆணுறை வாங்க மெடிக்கல் ஷாப்பில் கூச்சமாக இருந்தால் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் நைந்து கிழிந்துவிடும்.

இரண்டு, ஊசி. வலி மாத்திரையைக் கரைத்துப் போதைக்கு ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தென் மாவட்டங்களில் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஹெபடைட்டிஸ் சி மிக எளிதாகப் பரவும் வழி அது. ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாது. கரைக்கும் மூடி, பஞ்சு, தண்ணீர் எதைப் பகிர்ந்தாலும் வைரஸ் கைமாறும். தொற்றுள்ள ஊசி ஒரு முறை குத்தினால், தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றில் 30 வரை போகும், எச்.ஐ.வி. ஆயிரத்தில் மூன்று. மருத்துவமனை ஊழியர்களுக்குத் தவறி ஊசி குத்தியதை வைத்துப் போட்ட கணக்கு இது. அதையே தினமும் செய்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் சி-யைப் பொறுத்தவரை நல்ல செய்தியும் உண்டு: பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் முழுசாகக் குணம், அதுவும் இலவசம். போதையிலிருந்து வெளியே வர மனநலப் பிரிவில் சிகிச்சை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

பெண்கள் விடுதியிலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் குறைவு. பயம் இல்லாததால் இல்லை, யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் இரண்டு மடங்கு இருப்பதால். உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றிச் சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸுக்கு எதிரான ஊசி அது, 15 வயதுக்கு மேல் தொடங்கினால் மூன்று தவணை.

வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். 18 வயது முடிந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை 2017ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமே இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது, தொற்று இருக்கிறது என்று கல்லூரியோ விடுதியோ ஒதுக்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் மருத்துவ ரகசியம் ரகசியம்தான். அவனுக்கு வந்த போனை நீங்கள் ஆறு பேர் தாண்டி யாருக்கும் சொல்லாதீர்கள். அவன் வீட்டில் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை வேண்டும், அதை அவனே சொல்லட்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ஆலோசகர் உதவுவார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 டிசம்பரை நான் மறக்கவில்லை. சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் 19 வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது தனக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே முன்வந்து தகவல் சொன்னவர். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் அந்தப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், உயிர் பிரிந்தது நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில். இதே தமிழ்நாட்டில், 1986ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, தினம் ஒரு மாத்திரையில் முழு ஆயுளும் வாழலாம் என்ற காலத்தில், உண்மையைச் சொன்ன பிள்ளை ஒருவரை நாம் காப்பாற்றவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

போர்வையை மூடிப் படுத்திருக்கிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தார்.

போக வேண்டிய இடம்: கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனை, ஆட்டோக்காரரிடம் பெரியாஸ்பத்திரி என்றால் போதும். காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். அவனுக்குக் குடல், கல்லீரல் நோய்ப் பிரிவு. உங்களுக்கு எச்.ஐ.வி. சந்தேகமும் இருந்தால் நம்பிக்கை மையம், அங்கே யாரும் பார்க்காத தனி அறையில்தான் பேசுவார்கள். எச்.ஐ.வி. பற்றி முதலில் போனில் கேட்க வேண்டும் என்றால் 1097, கட்டணம் இல்லை. ஆறு பேரும் ஒரே நாளில் போங்கள். ஆறு பேராகப் போனால் அதில் யாருக்கு என்ன என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது, அவனுக்கும் தனியாகப் போகிற பாரம் இருக்காது.

அது திங்கட்கிழமைக்கு. இன்றைக்கு ராத்திரி மெஸ் மணி அடித்ததும் அவனை எழுப்புங்கள். வர மாட்டேன் என்றால் இரண்டு தட்டு சாப்பாடு அறைக்கே எடுத்துவந்து, நீங்களும் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாற்ற வேண்டும் என்று சொன்ன அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் மேலே எழுதியதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அவன் ராத்திரியில் தூங்காமல் இருந்தால், செத்துப் போகலாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால், தனியாக விடாதீர்கள், உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் வரிக்கு வரி நான் சொல்கிறேன்.